தோளின் கடைமடை



நெல் விளையும் ஊர்களில் பிறந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்னும் இரு சொற்களும் விளக்கமின்றி விளங்கும். ஏரியின் மதகை ஒட்டிய வயல் தலைமடை. வாய்க்கால் ஓடி ஓடி இளைத்துக் கடைசியாக எட்டிப் பார்க்கும் வயல் கடைமடை. மழை பொய்க்காத ஆண்டில் இரண்டும் ஒன்றுபோலப் பசுமையாக நிற்கும். நீர் குறைந்த ஆண்டில் முதலில் வாடுவது கடைமடையே. நம் உடம்பிலும் இத்தகைய கடைமடைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று நம் தோளில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

பொருள் உடற்கூற்றைச் சேர்ந்தது. ஆனால் நான் மருத்துவன் அல்லன். பள்ளிகளில் பல்லாண்டு பாடம் சொல்லி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். இந்தப் பொருளை நான் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மாணவனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்து கொடாமல் விட்ட விடை இது. பழைய கடனை முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு பொருளுக்கு வருகிறேன்.

என் ஊர் கீழ்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் இவ்வூரைக் காணலாம். ஐயனார் கோயிலும் அதைச் சூழ்ந்த பழங்காடும் எங்கள் ஊரின் அடையாளங்கள். கிழக்கே கடல். மேலும் வடக்கே சென்றால் கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பும், அதன்பின் மரக்காணத்து உப்பளங்களும் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை விரிந்து கிடக்கும். எங்கள் பக்கத்து மக்களுள் கடலுக்குப் போவோர் உண்டு. உப்பளத்துக்குப் போவோரும் உண்டு. இரண்டும் தோளால் உழைக்கும் தொழில்கள். கரைவலை இழுப்பவனுக்கும் தோள்தான். துடுப்புப் போடுபவனுக்கும் தோள்தான். மழைக்காலம் ஓய்ந்து, பாத்திகளை மிதித்துச் செப்பனிட்டு, உப்பு விளையத் தொடங்கிவிட்டால், நீண்ட கழியில் பலகை பொருத்தி உப்பை வரப்புக்கு வாரி இழுப்பவர்களுக்கும் தோள்தான். அந்த உப்பைக் கூடையில் அள்ளித் தலைமேல் ஏற்றி, மேட்டில் குவிக்கும் பெண்களுக்கோ தோள் இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை. கூடை தலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் இரு கைகளும் தலைக்கு மேலே உயர வேண்டும். ஒரு நாளில் எத்தனை நடை, எத்தனை கூடை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் எலும்பும் தசையும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்மையான உறுதிப் பகுதிக்குத் தசைநாண் என்று பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை மாணவர் மனத்தில் பதிய வைக்க, "தசைநாண் என்பது கயிறு. தசை இழுக்கும், கயிறு எலும்பை நகர்த்தும். கயிற்றில் இரத்தம் ஏது? அதனால்தான் அது வெள்ளையாக இருக்கிறது" என்று சொன்னேன். கிணற்றுக் கயிற்றையும் உவமை காட்டினேன். வகுப்புக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, எங்க ஆயாவுக்குத் தோளுல நாண் அறுந்துபோச்சுன்னு டாக்டரு சொன்னாருங்க. கயிறு அறுந்தா முடிச்சுப் போடலாம். ரத்தமே இல்லாதது எப்படிங்க ஐயா ஒட்டும்?"

நான் சொன்ன விடை இதுதான்: "பாடத்தில் உள்ளதைக் கேள்." அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. தெரியவில்லை என்று சொல்ல ஓர் ஆசிரியனுக்கு இருக்க வேண்டிய துணிவு அன்று எனக்கு இல்லை.

அந்தப் பாட்டியின் கையை வீட்டார் துணியால் மார்போடு சேர்த்துக் கட்டி, ஆறு மாதம் அசையாமல் வைத்திருந்தார்கள். அறுந்த கயிறு அசையாமல் இருந்தால் சேரும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். கட்டை அவிழ்த்தபோது தோள் இறுகிப்போயிருந்தது. தம் தலைக்குத் தாமே எண்ணெய் வைத்துக்கொள்ள அந்த அம்மையாரால் பிறகு இறுதிவரை முடியவில்லை.

ஈராண்டுக்கு முன், அதே மாணவனின் தாயார் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"வாத்தியாரய்யா, எங்க மாமியாருக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு. கூடையத் தூக்க முடியல. ராத்திரியில அந்தப் பக்கம் படுக்க முடியல. எனக்கும் கையக் கட்டிப் போட்டுடுவாங்களா?"

மருமகளுக்கு மாமியாரிடமிருந்து குருதிவழியாக எதுவும் வர வழியில்லை. இருவருக்கும் பொதுவானது கூடை ஒன்றே. புதுச்சேரியில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றேன். அங்கே மருத்துவர் சொன்னவற்றைக் கேட்டும், பின்னர் நூல்களைத் தேடிப் படித்தும் நான் அறிந்தவற்றை இனிச் சொல்கிறேன்.

நம் உடம்பில் உள்ள மூட்டுகளுள் மிகுதியாக அசையக்கூடியது தோள்மூட்டு. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழமான கிண்ணத்தில் அமர்ந்திருக்கிறது. ஆகவே அஃது உறுதி மிக்கது. தோளில் அப்படியன்று. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது. தோள்பட்டை எலும்பில் அதற்கு அமைந்த குழியோ சிறிது, ஆழமும் அற்றது. சிறு கரண்டியின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோன்ற அமைப்பு. பழம் உருண்டு விழாமல் எது காக்கிறது?

நான்கு தசைகள் காக்கின்றன. தோள்பட்டை எலும்பின் முதுகுப்புறத்தில் முள்போல ஒரு மேடு குறுக்கே ஓடுகிறது. அந்த மேட்டுக்கு மேலே இருப்பது முள்மேல் தசை. கீழே இருப்பது முள்கீழ்த் தசை. அதற்கும் கீழே சிறிய உருள் தசை. எலும்பின் முன்புறத்தில், விலாவை நோக்கிய பக்கத்தில், தோள்பட்டையடித் தசை. இந்நான்கின் தசைநாண்களும் மேற்கை எலும்பின் தலையை முன்னும் மேலும் பின்னுமாகத் தழுவி ஒன்றோடொன்று இணைந்து ஒரு பட்டையாகின்றன. சட்டையின் கைப்பட்டை மணிக்கட்டைச் சுற்றிப் பிடிப்பதுபோல இப்பட்டை எலும்புத் தலையைப் பிடிக்கிறது. அதனால்தான் மருத்துவர் இதனை 'ரொட்டேட்டர் கஃப்' என்று வழங்குவர். நாம் தோள்சுற்றுப் பட்டை என்று சொல்லலாம்.

கையை உயர்த்தும் பெருந்தசை தோளின் புறத்தே திரண்டு தெரிகிறதே, அது வேறு. அது மட்டும் இழுத்தால் எலும்பின் தலை மேல்நோக்கி எழும்பி, மேலே கூரைபோல் நிற்கும் தோள்முனை எலும்பில் இடிக்கும். பாய்மரத்தை நாலாபுறமும் கயிறு கட்டி நிறுத்தினால்தான் பாய் காற்றை வாங்கும். அதுபோல நான்கு சிறு தசைகளும் எலும்புத் தலையைக் குழியில் அமர்த்திப் பிடித்தால்தான் பெருந்தசையால் கையை உயர்த்த இயலும். நால்வருள் மிகுதியாக இடர்ப்படுவது முள்மேல் தசையின் நாண். அது தோள்முனை எலும்பாகிய கூரைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையே உள்ள குறுகிய சந்தின் வழியே சென்று, எலும்புத் தலையின் உச்சியில் பற்றிக்கொள்கிறது.

இந்த நாணுக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது? என் பழைய பாடத்தின் பிழை இங்கேதான் இருக்கிறது. தசைநாண் வெண்மையாக இருப்பது அதில் இரத்தமே இல்லாததால் அன்று. தசையோடு ஒப்பிட இரத்தம் குறைவாக இருப்பதாலும், உறுதியான வெண்ணிற நார்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதாலும் ஆகும். அந்த நார்களுக்கு இடையே உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை பழுதான நாரை நீக்கிப் புது நாரை நெய்துகொண்டே இருக்கின்றன. நெய்பவனுக்கு உணவு வேண்டும் அன்றோ? அதைக் கொண்டுவருவது இரத்தமே.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் கிளை ஒன்று காறையெலும்பின் அடியே கையை நோக்கி வருகிறது. கழுத்தின் அடியில் அது விடும் கிளையொன்றிலிருந்து ஒரு தமனி பிரிந்து, தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பைக் கடந்து, முள்மேல் தசைக்கும் முள்கீழ்த் தசைக்கும் இரத்தம் அளிக்கிறது. இது முதல் வாய்க்கால். தாய்த் தமனி அக்குளுக்குள் இறங்கிய பிறகு, முன்னும் பின்னுமாக இரு கிளைகள் மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைகின்றன. இவை எலும்புத் தலைக்கும், அதைப் பற்றியுள்ள நாண்களுக்கும் இரத்தம் தருகின்றன. இது இரண்டாம் வாய்க்கால். இவையன்றி வேறு சில சிறு கிளைகளும் வந்து சேர்கின்றன.

ஆக, முள்மேல் தசையின் நாணுக்குத் தசைப்பக்கத்திலிருந்து ஒரு வரத்து. எலும்புப்பக்கத்திலிருந்து மற்றொரு வரத்து. இரண்டும் சந்திக்கும் இடம், நாண் எலும்பில் பற்றும் இடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னே இருக்கிறது. இரண்டு ஏரிகளின் வாய்க்கால்களும் முடியும் இடத்தில் உள்ள வயலை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஏரிக்கும் அது கடைமடை. வியப்பு என்னவெனில், இந்த நாண் பெரும்பாலும் கிழிவது ஏறத்தாழ அந்த இடத்தில்தான்.

இதைக் கண்டறிந்த வரலாறு மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். ஏனெனில் இது நேர்கோட்டில் சென்ற வரலாறு அன்று. இரத்தம் இதயத்தினின்று புறப்பட்டு உடலெங்கும் சுற்றி மீள்கிறது என்பதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628இல் நூலாக வெளியிட்டார். தமனிக்கும் சிரைக்கும் இடையே உள்ள இணைப்பை அவரால் கண்ணால் காண இயலவில்லை. 1661இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி நுண்ணோக்கியின் துணைகொண்டு தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டு அக்குறையை நீக்கினார். தோள் நாண்கள் கிழிந்திருப்பதைப் பற்றி 1834இல் இலண்டனில் ஸ்மித் என்பவர் எழுதினார். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1909இல் கிழிந்த நாணைத் தைத்துச் சீராக்கினார். 1934இல் தோளைப் பற்றி ஒரு பெருநூலே எழுதினார். நாணின் முனைக்குச் சற்று முன்னே உள்ள பகுதியை 'நெருக்கடிப் பகுதி' என்னும் பொருள்படக் குறிப்பிட்டவர் அவரே.

அங்கே ஏன் கிழிகிறது? 1939இல் சுவீடனைச் சேர்ந்த லிண்ட்புளோம், எக்ஸ்-கதிரில் தெரியும் பொருளை இறந்தோரின் தமனிகளில் செலுத்திப் படம் எடுத்தார். அப்பகுதியில் குழாய்கள் குறைவு என்றார். 1963இல் மோஸ்லி, கோல்டி ஆகிய இருவரும் மீண்டும் ஆராய்ந்து, அங்கே குழாய்களுக்குக் குறைவில்லை. எலும்பின் குழாய்களும் நாணின் குழாய்களும் கைகோக்கும் இடம் அது என்றார்கள். 1965இல் ராத்மன், பார்க் ஆகியோர், இல்லை, பெரும்பாலான தோள்களில் அங்கே குறைவுதான் என்றார்கள். அறிஞர்கள் ஒரே இடத்தைப் பார்த்து வெவ்வேறு விடை சொன்னால் நாம் என்ன செய்வது? எது உண்மை என்று கேட்பதற்கு முன், எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

1970இல் ராத்பன், மக்நாப் ஆகிய இருவர் அதைத்தான் கேட்டார்கள். சில உடல்களில் கையை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டுச் சாயம் செலுத்தினார்கள்; சிலவற்றில் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வைத்துச் செலுத்தினார்கள். கை உயர்ந்திருந்தபோது குழாய்கள் நிரம்பின. கை ஒட்டித் தொங்கியபோது, உருண்டையான எலும்புத் தலையின்மேல் நாண் இழுபட்டு அழுந்தி, ஈரத்துணியைப் பிழிந்ததுபோல அப்பகுதி வெறுமையாயிற்று. குழாய்கள் இருந்தன, சாயம் நுழையவில்லை. வாய்க்கால் வெட்டியிருந்தும் நடுவே யாரோ காலை வைத்து மிதித்ததுபோல என்று சொல்லலாம். முன்னோர் சிலரின் முரண்பாட்டுக்குக் கையின் நிலையும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

கதை அங்கும் முடியவில்லை. 1990இல் லோர், உத்தாஃப் ஆகியோர் நாணின் மேல்முகத்தையும் அடிமுகத்தையும் தனித்தனியே நோக்கினார்கள். மேல்முகத்தில் குழாய்கள் நன்றாக இருந்தன. மூட்டை நோக்கிய அடிமுகத்தில் அரிதாக இருந்தன. பல கிழிசல்கள் அடிமுகத்திலிருந்து தொடங்குவதற்கு இது பொருந்தி வருகிறது. பின்னர், 2008இல், இறந்த உடலை விடுத்து உயிருள்ளோரிடம் அளந்தார்கள். இங்கிலாந்தில் லெவி முதலியோர் அறுவையின்போது லேசர் ஒளியால் இரத்த ஓட்டத்தை அளந்தபோது, நலமான நாண்களில் எதிர்பார்த்த வறண்ட பகுதி காணப்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் ரட்ஸ்கி முதலியோர் ஒலியலைப் படத்தால் ஆராய்ந்து, தோள்வலி இல்லாதவர்களிலும் 40 வயதைக் கடந்தவர்களின் நாணில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கக் கண்டார்கள்.

ஆகவே என் கடைமடை உவமையையும் நான் அளவோடுதான் உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். இளமையில், மழை தவறாத காலத்தில், கடைமடையும் பசுமையாகவே இருக்கிறது. வயது ஏற ஏற வரத்து மெலிகிறது. அப்போதும் இரத்தக் குறைவு ஒன்றே கிழிசலுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கூரையெலும்பில் உராய்வதை 1972இல் நீயர் என்னும் மருத்துவர் வற்புறுத்தினார். நார்களே முதுமையில் நைந்துபோவதும் உண்டு. தலைக்கு மேல் கையை உயர்த்திச் செய்யும் கடும் உழைப்பும் அவற்றோடு சேர்கிறது. தேய்மானம் ஒருபுறம், அதைச் சீராக்கும் வேகம் மறுபுறம். நாள்தோறும் நடக்கும் தேய்மானத்தைச் செப்பனிடும் வேலை முந்திக்கொள்ளும் வரையில் தீங்கில்லை. செப்பனிடுபவர்களுக்கு உணவு குறைந்து, கூடைகளின் எண்ணிக்கை மட்டும் குறையாமல் இருந்தால், ஒரு நாள் நாண் விட்டுப்போகிறது.

உவமையைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம். உப்பளத்தில் நீர் பாத்தியிலிருந்து பாத்திக்கு மெல்ல நகர்ந்து, கடைசிப் பாத்தியில் தேங்கி வற்றும்போதுதான் உப்பு விளைகிறது. அங்கே ஓட்டம் நிற்பதே விளைச்சல். உடம்பில் ஓட்டம் நிற்பது அழிவு. இரண்டும் நீர்தான், வாய்க்கால்தான். ஆனால் ஒன்றின் நியாயம் மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை. உவமை வாசல்வரை அழைத்துப் போகும். உள்ளே சென்று நாமேதான் பார்க்க வேண்டும். கயிறு என்று நான் சொன்னது இழுவிசையை விளக்கப் போதுமானதாக இருந்தது. அறுந்தால் எப்படி ஒட்டும் என்று அந்தச் சிறுவன் கேட்ட இடத்தில் அந்த உவமை அறுந்துபோயிற்று.

இப்போது அவன் கேள்விக்கு விடை. நாணின் முழுத் தடிப்பும் அறுந்துவிட்டால் பெரும்பாலும் அது தானாக எலும்போடு ஒட்டுவதில்லை. அறுவை செய்து தைக்கும்போது, மருத்துவர் நாணைத் தைப்பதோடு நிற்பதில்லை. அது பற்ற வேண்டிய எலும்பின் மேற்பரப்பைச் சற்றே சுரண்டி, அங்கே இரத்தம் கசியச் செய்கிறார். எலும்பின் உள்ளிருந்து வரும் அந்த இரத்தமும் செல்களுமே நாணையும் எலும்பையும் மீண்டும் பிணைக்கத் தொடங்குகின்றன. நூல் பிடித்து நிறுத்துகிறது, இரத்தம் ஒட்டுகிறது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

மகிழ்ச்சி தரும் மற்றொரு செய்தியும் உண்டு. கிழிசல் இருந்தாலே கை போய்விட்டது என்று பொருளன்று. 1995இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எவ்வித நோவும் இல்லாத 96 பேரைக் காந்த அதிர்வுப் படத்தால் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 54 பேருக்கு நாணில் முழுதாகவோ சிறிதளவோ கிழிசல் இருந்தது. ஒரு கயிறு நைந்தாலும் மற்ற மூன்று கயிறுகளும் பெருந்தசையும் பாய்மரத்தை நிறுத்திக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. அவற்றைக் கற்பிப்பதே உடற்பயிற்சி மருத்துவத்தின் வேலை. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், அடிபடாமல் நாண் கிழிந்த 452 பேர் முறையான பயிற்சியை மேற்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்தபோது அவர்களுள் நான்கில் ஒருவருக்கும் குறைவானவர்களே அறுவையை நாடியிருந்தார்கள்.

திண்ணைக்கு வந்த அந்த அம்மையாருக்கும் அப்படியே ஆயிற்று. ஒலியலைப் படத்தில் முள்மேல் தசையின் நாணில் சிறு கிழிசல் தெரிந்தது. மருத்துவர் கையைக் கட்டவில்லை. கூடையை மட்டும் விலக்கினார். முன்னே குனிந்து கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஊசல்போல ஆட்டுவது, சுவரில் விரல்களை ஏணிப்படி ஏற்றுவது, பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இரவில் கையை உடலோடு நெருக்காமல், அக்குளில் சிறு தலையணை வைத்துச் சற்றே விலக்கிப் படுக்கச் சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு 1970ஆம் ஆண்டின் அந்தச் சோதனை நினைவுக்கு வந்தது. ஆறு மாதம் மார்போடு கட்டப்பட்டிருந்த மாமியாரின் கையும் நினைவுக்கு வந்தது.

நான்கு மாதம் கழித்து அவர் தம் கூந்தலைத் தாமே முடிந்துகொண்டார். ஆனால் எல்லாம் நலமே என்று சொல்லி முடித்தால் அது உண்மையாகாது. அந்தப் பருவம் முழுவதும் அவருக்குக் கூலி இல்லை. கூடை தூக்காதவருக்கு உப்பளத்தில் கூலி யார் தருவார்? இப்போது மூட்டை தைக்கும் வேலைக்குப் போகிறார். அதில் கூலி குறைவு. தோளின் கடைமடைக்கு இரத்தம் செல்லும் வழியை அறிவியல் இவ்வளவு நுட்பமாகக் கண்டுவிட்டது. தலைக்கு மேல் தூக்காமல் உப்பைக் கொண்டுசெல்லும் வழி எங்கள் கரையில் இன்னும் எல்லாருக்கும் எட்டவில்லை. ஒரு தள்ளுவண்டியும், அது உருள நல்ல வரப்பும் எத்தனை தோள்களைக் காக்கும் என்று, நாளை பொறியாளர்களாகப் போகும் உங்களுள் யாரேனும் எண்ணிப் பார்ப்பீர்களாக.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்காக நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை சில. கையை உயர்த்தும்போது தோளில் வலி, இரவில் அந்தப் பக்கம் படுக்க இயலாமை, தலை வாரக் கை எழாமை ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். விழுந்தோ அடிபட்டோ திடீரெனக் கை எழாமல் போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சுளுக்கு என்று எண்ணி வலிந்து இழுக்க விடாதீர்கள். மாதக்கணக்கில் கட்டி வைக்கவும் வேண்டாம். புகைப் பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் நாண் ஆறுவதற்குத் தடைகள். நீங்கள் இளைஞர்கள், உங்கள் கடைமடையில் இன்று நீர் நிறைந்திருக்கிறது. அதைப் புகையால் வற்றச் செய்யாதீர்கள். பந்து எறிவோரும் நீந்துவோரும் தோள் வலித்தால் அன்று ஓய்வு கொடுங்கள். ஓய்வில்தான் நார் நெய்யப்படுகிறது.

அந்த மாணவன் இப்போது சென்னையில் வேலையாக இருக்கிறான். தாயாரின் கை தேறிய செய்தியைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது, "எட்டாம் வகுப்பில் நீ கேட்டாயே, அதற்கு விடை கிடைத்துவிட்டது" என்றேன். அவன் சற்று நேரம் யோசித்தான். "நான் என்னங்க ஐயா கேட்டேன்?" என்றான்.

அவனுக்கு நினைவில்லை. விடை கிடைக்காத கேள்வியைக் குழந்தைகள் மறந்துவிடுகிறார்கள். நாளடைவில் கேட்பதையே மறந்துவிடவும் கூடும். ஆகவே மாணவர்களே, ஆசிரியர் உட்காரச் சொன்னாலும் கேள்வியை உட்கார வைக்காதீர்கள். ஏட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பயிற்சிப் பள்ளிகளிலிருந்து நாளை வகுப்பறைக்குள் நுழையப்போகும் இளம் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: வகுப்பின் கடைசி வரிசையும் ஒரு கடைமடைதான். அங்கே நீர் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு மதகை மூடுங்கள். விடை தெரியாவிட்டால், "தெரியாது, தேடிச் சொல்கிறேன்" என்று கூறுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது.